அமெரிக்க விடுதலைப் போரும் வெடிமருந்துப் பஞ்சமும்

அமெரிக்க விடுதலைப் போரைக் கூறும் பாடநூல்கள் வரிப் பிணக்கையும் 1776 யூலை 4ஆந் திகதி வெளியான சுதந்திரப் பிரகடனத்தையும் விரித்துரைக்கும். போரின் தொடக்கத்தில் குடியேற்றவாசிகளை வாட்டிய வெடிமருந்துப் பஞ்சம் அத்துணை பேசப்படுவதில்லை. ஆயின், அப்பஞ்சத்தை அறியாதார்க்கு அப்பிரகடனத்தின் நோக்கம் முற்றும் விளங்காது.

அக்காலத்து வெடிமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றன் கலவை. அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெடியுப்பேயாம். அவ்வுப்பு மிகுதியாகக் கிடைத்த இடங்களுள் இந்தியாவின் பீகார் தலைசிறந்தது. பிளாசிப் போரின் பின், 1758இல், அவ்வாணிகத்தின் தனியுரிமை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைப்பட்டது. ஆகவே பிரித்தானியாவுக்குக் குறைவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களோ தமக்கு வேண்டிய மருந்தைப் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்தே பெற்றுவந்தன. 1774 ஒற்றோபரில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் அரசு அவற்றுக்குப் படைக்கலமும் மருந்தும் ஏற்றுவதைத் தடுத்தபோது, அந்நாடுகளின் ஊற்றுக்கண்ணே அடைபட்டது.

1775 ஏப்பிரிலில் ஆங்கிலப் படை கொன்கோட் நகருக்குச் சென்றதும் அங்குச் சேமித்திருந்த போர்ப்பொருள்களைக் கைப்பற்றவே. யூனில் நிகழ்ந்த பங்கர்குன்றுப் போரில் இருமுறை பகைவரைத் துரத்திய குடியேற்றப் படை, மருந்து தீர்ந்தமையால் மூன்றாம் முறை பின்வாங்கிற்று. ஓகஸ்ற் மாதத் தொடக்கத்தில் தளபதி ஜோர்ஜ் வாஷிங்ரன் இருப்பைச் சோதித்தார். மசச்சூசெற்ஸ் கணக்கில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பீப்பாய்கள் இருந்தன. அது முன்னரே செலவான மருந்தையும் சேர்த்தெழுதிய கணக்கு. உண்மையில் எஞ்சியவை 36 பீப்பாய்களே. பிற இருப்புகளையும் கூட்டினும் வீரன் ஒருவனுக்கு ஒன்பது வேட்டுக்கு மேற்படவில்லை. இதுகேட்ட வாஷிங்ரன் அரைமணி நேரம் ஒரு சொல்லும் பேசாதிருந்தார் எனத் தளபதி சலிவன் எழுதியுள்ளார். பொஸ்ரனில் இருந்த ஆங்கிலப் படை இந்நிலையை அறிந்து தாக்கியிருப்பின், வரலாறு வேறாகியிருக்கலாம்.

பஞ்சத்தைத் தீர்க்கப் பல வழிகள் தேடப்பட்டன. தொழுவத்து மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பெடுக்கும் முறைகளைக் கண்டக் காங்கிரசு நூலாக அச்சிட்டுப் பரப்பியது. வில்லும் அம்பும் கொண்டு பொருதலாம் எனப் பெஞ்சமின் பிராங்கிளின் 1776 பெப்ரவரியில் எழுதினார். ஆயினும் வீட்டு முயற்சி சிறுபங்கே தந்தது. 1777 முடியும்வரை படைகள் பெற்ற மருந்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், மருந்தாகவோ வெடியுப்பாகவோ கடல்கடந்து வந்ததே என வரலாற்றாய்வாளர் கணித்துள்ளனர். பிரான்சின் மறைமுக உதவியை நாடகாசிரியர் போமார்சே ஒரு வணிக நிறுவனத்தின் பெயரால் அனுப்பிவைத்தார்.

ஈண்டுதான் பிரகடனத்தின் மறுபக்கம் புலனாகின்றது. தம் மன்னனுக்கெதிராகக் கிளர்ந்த குடிகளுடன் பிறநாட்டரசு வெளிப்படையாக உடன்படிக்கை செய்யாது. சுதந்திர நாட்டுடன் செய்யும். எனவே பிரகடனம் உரிமைக் கோட்பாட்டின் முழக்கம் மட்டுமன்று, துணைதேடிய அழைப்புமாம். 1777இல் சரற்றோகா வெற்றி கிட்டிற்று; 1778 பெப்ரவரியில் பிரான்சு உடன்படிக்கை செய்தது.

பிரான்சு இதனை அறமாகச் செய்யவில்லை. 1763இல் பிரித்தானியாவிடம் அடைந்த தோல்விக்குப் பழிதீர்க்கவே செய்தது. அப்போரால் பெருகிய கடன் 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. உரிமைவேட்கை போரைத் தொடக்கிற்று; அதனை நடத்தும் பொருளோ பிறர் கையில் இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவதே வரலாறு கற்போர் கடன்.