மூன்று மருந்தும் ஒரு பொட்டலமும்

வலியை அறியாதார் இலர். வலி தணிக்கும் மருந்தின் வரலாற்றை அறிந்தாரோ சிலரே. அவ்வரலாற்றின் ஓர் ஏட்டை இன்று புரட்டுவோம்.

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1887இல் பினாசெட்டினையும், 1899இல் ஆஸ்பிரினையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்விரண்டோடு, காபியில் உள்ள காபீனையும் சேர்த்துப் பின்வந்த வணிகர் கலவை மருந்து செய்தனர். ஆஸ்திரேலியாவில் அது பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்னும் பெயர்களில் பொட்டலங்களாக விற்பனையாயிற்று. விளம்பரங்கள் இல்லத்தரசியரை அழைத்தன. காபீன் சற்றே உற்சாகம் தந்தது. அது தணிந்ததும் தலை வலித்தது. அவ்வலிக்கு மீண்டும் ஒரு பொட்டலம். இவ்வாறு மருந்து நாள்தோறும் உண்ணும் பழக்கமாயிற்று.

1953இல் சுவிட்சர்லாந்தின் ஸ்பூலர், சோலிங்கர் என்னும் மருத்துவர்கள், வலி மருந்தை நெடுநாள் மிகுதியாக உண்டவர்களின் சிறுநீரகம் பழுதுற்றதை எடுத்துரைத்தனர். 1960களில் மெல்பர்ன் நகரில் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் அம்மையார் அதே கேட்டை ஆராய்ந்தார். பினாசெட்டின்மீது ஐயம் விழுந்தது. ஆயின் ஆஸ்பிரினும் உடன் இருந்ததன்றோ? மூன்றையும் ஒருசேர உண்டமையால், எதன் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிவது அரிதாயிற்று. தீங்கு செய்ததைக் கலவையே மறைத்து நின்றது.

இதற்கிடையே, பினாசெட்டின் உடலுள் பாரசிட்டமாலாக மாறியே வலியைத் தணிக்கிறது என்பதை அமெரிக்காவில் பிராடி, ஆக்செல்ராட் ஆகியோர் 1940களின் இறுதியில் கண்டனர். 1950களில் பாரசிட்டமால் தனி மருந்தாகக் கடைக்கு வந்தது. ஆஸ்திரேலிய அரசு 1979இல் கலவை மருந்துகளின் தடையற்ற விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நோய் குறைந்தது.

கலவை யாவும் தீது என்று கொள்ளற்க. பாரசிட்டமாலும் ஐபுப்ரோபெனும் சேர்ந்து சில வலிகளைத் தனித்தனி மருந்தினும் நன்கு தணிப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தனி மருந்து யாவும் தீங்கற்றது என்றும் எண்ணற்க. அளவு மீறிய பாரசிட்டமால் கல்லீரலை அழிக்கும். வெவ்வேறு பெயருடைய இரு மாத்திரைகளில் அதுவே அடங்கியிருத்தலும் உண்டு. இரண்டையும் விழுங்குவோர் இருமடங்கு உண்டதை உணரார்.

ஆதலின், அட்டையின் பெரிய எழுத்தில் உள்ள பெயரோடு நில்லாது, சிறிய எழுத்தில் உள்ள பொருள்களையும் படியுங்கள். உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் எதற்காக என மருத்துவரைக் கேளுங்கள். எழுத்தறியாத பாட்டி வீட்டில் இருப்பின், அவருக்கும் படித்துச் சொல்லுங்கள். நீங்கள் கற்ற கல்வி அங்கே ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.