கருவிழியின் கடைசி அடுக்கு

எங்க செவ்வாப்பேட்டைப் பக்கம் கண் தானம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "முழுக் கண்ணையும் தோண்டிடுவாங்களா?" என்பதுதான். இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று என்னால் தள்ள முடியவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1905 டிசம்பர் 7. இன்றைய செக் நாட்டின் ஓலமோட்ஸ் நகரம். சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன அலோயிஸ் க்ளோகர் என்ற கூலித் தொழிலாளிக்கு எட்வர்ட் சிர்ம் கருவிழி பொருத்தினார். உலகில் நிலைத்த முதல் கருவிழி மாற்று அதுதான். அந்தக் கருவிழி, இரும்புத் துண்டு பாய்ந்ததால் அகற்றப்பட்ட 11 வயதுச் சிறுவனின் கண்ணிலிருந்து வந்தது. சுண்ணாம்பும் இரும்பும் கும்மிடிப்பூண்டிப் பட்டறைக்காரர்களுக்குப் புதிதல்ல.

நம் ஊரில் இது எழும்பூரில் தொடங்கியது. 1819-இல் பிறந்த அரசு கண் மருத்துவமனையில், 1945-இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியை அமைத்தார்.

அன்று கருவிழியை முழுத் தடிமனுக்கும் வட்டமாக வெட்டித் தைத்தார்கள். தடிமன் என்றால் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள்ளேயே பல அடுக்குகள். உள்பக்கம் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள் நீரை வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைக்காது. கருவிழி ஊதிப்போய்ப் பார்வை மங்கும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு.

பழுதான உள்ளடுக்கை மட்டும் மாற்றினால் போதாதா? நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் 1998-இல் அதைச் செய்து காட்டினார். 2006-இல் வெறும் சவ்வையே வைத்தார். அதைத் தைப்பதில்லை. காற்றுக் குமிழி ஒன்று அதை ஒட்டவைக்கும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கணும், அவ்வளவுதான். ஆனால் சவ்வு சுருண்டுகொள்ளும். இளவயதுக்காரர்களின் சவ்வு இன்னும் இறுக்கமாகச் சுருளும் என்பதால் மருத்துவர்கள் வயதானவர்களுடையதையே விரும்பினார்கள்.

2013-இல் இங்கிலாந்தின் ஹர்மிந்தர் துவா, அந்தச் சவ்வுக்கு முன்னால் இன்னொரு மெல்லிய, உறுதியான அடுக்கை விவரித்தார். அடுத்த ஆண்டே சென்னையின் அமர் அகர்வால், துவாவோடு சேர்ந்து, அந்த அடுக்கையும் சவ்வோடு சேர்த்துப் பொருத்தும் முறையை வெளியிட்டார். சுருளும் தொல்லை குறைந்தது. இளையவர்களின் கருவிழியும் பயன்பட்டது.

இன்று ஒரே கருவிழியின் முன்பகுதியைத் தழும்பேறிய கண்ணுக்கும், உள்ளடுக்கை வேறொருவருக்கும் வைக்க முடியும். முழுக் கண்ணை விட்டுக் கருவிழியை மட்டும் எடுப்பதும் வழக்கமாகிவிட்டது. நம்ம பயம் மட்டும் 1905-லேயே நிக்குது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இழவு வீட்டில் அதற்குள் யாராவது ஒருத்தர் பேச்செடுக்கணும்.