ஈரலுக்கு ஒரு காவல், குடலுக்கு ஒரு காவல்

பழைய எகிப்தியர் இறந்தவரின் உடலைப் பதப்படுத்தி வைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. உள்ளே இருந்த உறுப்புகள் எங்கே போயின? பதினோரு வயதில், சிசியேம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் நான்கு ஜாடிகளின் படம் பார்த்தேன். பிரெஞ்சில் ‘வாஸ் கனோப்’ என்பார்கள். அந்தப் பெயர் பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள் கனோப்பஸ் என்ற ஊரை வைத்துக் கொடுத்தது. எகிப்தியருக்கே அது தெரியாது.

இடப்பக்க வயிற்றைக் கீறி உறுப்புகளை எடுத்து, நேட்ரான் உப்பில் உலர்த்தி, துணியில் சுற்றி ஜாடிக்கு ஒன்றாக வைப்பார்கள். ஹோரஸ் தெய்வத்தின் நான்கு புதல்வர்கள் காவல். ஈரலுக்கு மனிதத் தலை இம்செத்தி. நுரையீரலுக்கு பபூன் குரங்குத் தலை ஹாப்பி (நம் நாடகத்து பபூன் அல்ல!). இரைப்பைக்கு நரித்தலை துவாமுத்தெஃப், குடலுக்கு வல்லூறுத் தலை கெபெசெனுவெஃப். இவர்களுக்கு மேலே ஐசிஸ், நெப்திஸ், நெயித், செல்கெத் என்று நான்கு தேவிமார். காவலுக்கும் மேற்பார்வை வைத்த ஜனங்கள்!

விலங்குத் தலைகள் பிற்பாடு பரவியவை. 1922-ல் கண்டுபிடித்த துத்தன்காமன் கல்லறையில் நான்கு மூடியிலும் ராஜாவின் முகம்தான்.

இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டார்கள். மறுவுலகில் தராசில் நிறுக்க அது வேண்டும். மூளையையோ மூக்கு வழியாக இழுத்து வீசிவிட்டார்கள். எனக்குப் பித்தப்பையை எடுத்தபோது காகிதத்தில் கையெழுத்துப் போட்டேனே தவிர, அது எங்கே போனது என்று இன்றுவரை கேட்கவில்லை. ஓர் எகிப்தியன் என்றால் துடித்துப்போயிருப்பான்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன், 21-ஆம் அரச வம்சக் காலத்தில் வழக்கம் மாறியது. உறுப்புகளைப் பொட்டலமாகக் கட்டி, நான்கு புதல்வர்களின் மெழுகு உருவங்களோடு உடலுக்குள்ளேயே திரும்ப வைத்தார்கள். ஜாடிக்கு வேலை இல்லை. ஆனாலும் வசதியுள்ளவர்கள் ஜாடி வைப்பதை அடியோடு விடவில்லை. சிலவற்றில் உட்குடைவே கிடையாது. முழுக் கல், மேலே தலை.

போலி ஜாடி என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. விண்ணப்பமே வராத ஒரு பதிவேட்டில் மாதாமாதம் கோடு போட்டு ‘இல்லை’ என்று எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கியவன் நான். பதிவேட்டையாவது பிறகு மூடச் சொன்னார்கள். அப்பாவைப் புதைக்கும் நாளில், இம்செத்தி இனி வேண்டாம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?