ஒலி வெளியீட்டுப் பிரிப்பு
ஒரே கணினியில் ஓடும் செயலிகளின் ஒலியை ஒலிபெருக்கிக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனியே பிரித்து அனுப்பும் முறை. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா (முன்பு பத்தாங் பெர்ஜுந்தை) பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவில், மடிக்கணினியில் பக்திப் பாடல் ஓடும்போது நடுவே வாட்ஸ்அப் 'டிங்' என்று லயம் (தோட்ட வீட்டு வரிசை) முழுக்கக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

விண்டோஸ் 10-இல் 2018 ஏப்ரல் புதுப்பிப்போடு இவ்வசதி வந்தது. விண்டோஸ் 11-இல் அமைப்புகளுக்குள் ஒலி, அதற்குள் ஒலியளவுக் கலவை; அங்கே பாட்டுச் செயலிக்கு ஒரு சாதனம், மற்றவற்றுக்கு வேறு சாதனம் என்று தேர்ந்தெடுக்கலாம். பாட்டை ஓடவிட்ட பிறகே இந்தச் செயலிப் பட்டியலைத் திறப்பது நல்லது. பல மடிக்கணினிகளில் ஹெட்ஃபோன் துளையும் உள் ஒலிபெருக்கியும் ஒரே சாதனமாகவே கணக்காகும். அப்போது தனியாக ஒரு யூஎஸ்பி ஒலி அட்டை செருக வேண்டும். புளூடூத்தும் உதவும், ஆனால் ஒலி சற்றுப் பிந்தும். மேக்கில் இப்படி ஒலியைப் பிரிக்க வெளிச்செயலி தேவை.