ஏரிக்கரையில் ஒரு பாதிரியார் வீடு

1

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த நாட்களில் தோழர் ஒருவர் பக்கங்கள் பழுத்துப்போன ஒரு சிறு வெளியீட்டைக் கையில் திணித்தார். நார்மன் பெத்யூன் இறந்த அடுத்த மாதம், 1939 டிசம்பரில், மாவோ எழுதிய அஞ்சலிக் கட்டுரை அதில் இருந்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போரின்போது இரத்தத்தைப் போர்முனைக்கே கொண்டுபோய் ஏற்றிய மருத்துவர். பிறகு சீனத்தில் எட்டாவது வழிப் படைக்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது விரலில் ஏற்பட்ட வெட்டுக்காயம் புரையோடி, 49 வயதில் செத்துப்போனவர். எங்களுக்கு அவர் கோட்னிஸோடு சேர்ந்தே வந்தார். 1938ல் இந்தியாவிலிருந்து சீனத்துக்குப் போன ஐந்து மருத்துவர்களில் ஒருவரான கோட்னிஸ், பெத்யூன் பெயரால் அமைந்த மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று, 1942ல் அங்கேயே இறந்தார். கனடா என்ற பெயரை நான் முதன்முதலில் மரியாதையோடு உச்சரித்தது இவர்களால்தான்.

போன கோடையில் ஒரு கருத்தரங்குக்காக டொரொண்டோ போயிருந்தேன். ஸ்கார்பரோவில் என்னை வைத்துச் சோறு போட்ட அண்ணையிடம் பெத்யூன் பிறந்த ஊரைப் பார்க்க வேணும் என்றேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“கிரேவன்ஹர்ஸ்டோ? அது எங்கட பிள்ளையள் கோடைக்குக் காட்டேஜ் எடுக்கிற பக்கம். நானே நாலைஞ்சு தரம் போனனான். அங்க ஒரு கம்யூனிஸ்ட் பிறந்தவரெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி.”

அண்ணை வலிகாமம் வடக்கு. 1990ல் ஊரோடு கிளம்பியவர். 1992ல் டொரொண்டோ வந்து சேர்ந்தவர். மேற்கொண்டு நான் எழுதப்போவதில் பாதி அவரோடு பேசிப் பேசித்தான் எனக்குத் தெளிவானது.

2

டொரொண்டோவிலிருந்து வடக்கே சுமார் 180 கிலோமீட்டர். மஸ்கோகா ஏரியின் தென்முனையில் ஊர். படகுத்துறையில் ‘செக்வன்’ என்கிற நீராவிக் கப்பல் நிற்கிறது. 1887ல் வேறொரு பெயரோடு கட்டப்பட்டு, 1925ல் புதுப்பிக்கப்பட்டு இந்தப் பெயர் பெற்றது. செக்வன் என்றால் அனிஷினாபே மொழியில் வசந்தம். மஸ்கோகா என்ற பெயரே அனிஷினாபே தலைவர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பக்கத்து ஊர் பிரேஸ்பிரிட்ஜுக்கோ வாஷிங்டன் இர்விங்கின் ஒரு புத்தகத் தலைப்பிலிருந்து பெயர் எடுத்தார்கள். ஆக, கப்பலுக்கும் ஏரிக்கும் அவர்களுடைய சொல். அஞ்சல் நிலையம் வைத்த ஊருக்கு ஆங்கிலப் புத்தகத்தின் சொல். பெயர்களை இப்படிப் பங்கு போட்டதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

பெத்யூன் 1890ல் பிறந்த வீடு பிரஸ்பிட்டேரியன் சபையின் பாதிரியார் இல்லம். அப்பா அங்கே பாதிரியார். கனடிய அரசு மக்கள் சீனத்தை அங்கீகரித்தது 1970ல். பெத்யூன் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவர் என்று அறிவித்தது 1972ல். வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது 1976ல். இந்த வரிசைக்கு விளக்கம் வேண்டியதில்லை. சொந்த நாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெருமைப்படத் தயங்கிய ஒருவரை, கோதுமை வாங்கும் சீனத்தோடு நட்பு தேவைப்பட்டபோது நினைவுகூர்ந்தது. இப்போதும் சீனப் பயணிகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள்.

வீட்டின் கீழ்த்தளம் அவர் பிறந்த காலத்து அறைகலன்களோடு இருக்கிறது. பெத்யூன் கம்யூனிஸ்ட் என்பதை மறைக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பிறந்த வீட்டை அருங்காட்சியகமாக்கும்போது ஒரு காரியம் தானாக நடந்துவிடுகிறது. கதை 1890ல் அந்த வீட்டுக்குள் தொடங்குகிறது. வீடு நிற்கும் நிலத்தின் கதை அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. தொட்டில் எங்கே இருந்தது என்று கேட்கலாம். தரை யாருடையது என்று கேட்கத் தோன்றுவதில்லை. எனக்கும் அங்கே தோன்றவில்லை. வெளியே வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தபோது அண்ணைதான் கேட்டார்:

“இவையளுக்கு முந்தி இஞ்ச ஆர் இருந்தவை?”

3

‘காலி நிலம்’ என்பது காலனியத்தின் அடிப்படைக் கதையாடல். மஸ்கோகாவில் அது சட்ட வடிவம் எடுத்தது 1868ல். இலவச நிலக்கொடைச் சட்டம்: பதினெட்டு வயது ஆனவர் கேட்டால் 100 ஏக்கர். ஐந்து ஆண்டுக்குள் 15 ஏக்கரைத் திருத்திக் காட்டி, ஒரு வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். காலியாகத்தானே கிடக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படி ஒரு சட்டம் எழுத முடியாது.

ஆனால் அதே 1860களில் நில அளவையாளர்கள் இந்த ஏரிகளுக்கு வந்தபோது, இன்று போர்ட் கார்லிங் என்கிற இடத்தில் ஒபஜெவானுங் என்ற அனிஷினாபே ஊர் இருந்தது. மரவீடுகள், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். குடியேற்றக்காரர்களிடம் சட்டம் கேட்ட இரண்டு தகுதிகளும், அதாவது வீடும் பயிரும், அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. கொஞ்ச ஆண்டுகளில் அவர்கள் ஜார்ஜியன் வளைகுடாவில் பாரி தீவுக்குப் போக நேர்ந்தது. அந்த இடம் இன்று செல்வந்தர்களின் படகுகள் கடக்கும் மதகடி.

இன்னொன்று. 1850ல் ஹியூரான் ஏரிக்கரைத் தலைவர்களோடு போட்ட ராபின்சன் ஒப்பந்தத்திலேயே இந்த உள்நாடும் அடங்கிவிட்டது என்பதாக அரசு நடந்துகொண்டது. தெற்கே சிம்கோ ஏரிப் பக்கத்து அனிஷினாபே மக்கள் அதை ஏற்கவில்லை. இது எங்கள் வேட்டை நிலம், யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்று பல பத்தாண்டுகள் மனுப்போட்டார்கள். கடைசியில் ஆணையம் அமைத்து விசாரித்து, அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்று கண்டு, 1923ல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களைப் போட்டார்கள். மொத்தம் ஐந்து லட்சம் டாலர். தலைக்கு 25 டாலர். கூடவே மீன்பிடிக்கும் வேட்டையாடும் உரிமையையும் பிடுங்கிக்கொண்டார்கள். கிரேவன்ஹர்ஸ்ட் இந்த ஒப்பந்த எல்லைக்குள் வருகிறது.

ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். இலவசமாக நிலம் கொடுத்தது 1868. ரயில் வந்தது 1875. பெத்யூன் பிறந்தது 1890. நிலத்தை வாங்கியதாக எழுதிக்கொண்டது 1923. தனக்குச் சொந்தமில்லாததை அரசு தானம் செய்திருக்கிறது. 2018ல்தான் கனடாவும் ஒன்டாரியோவும் சேர்ந்து 110 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, வேட்டை, மீன்பிடி உரிமைகளை அங்கீகரித்தன. கணக்கு தீர 95 வருஷம்.

இத்தனைக்கும் அந்த நிலத்தில் விவசாயம் நடக்கவில்லை. பாறையின் மேல் ஒரு சாண் மண். குடியேறிய ஏழைகள் நொந்துபோனார்கள். பைன் மரங்கள் மட்டும் பணம் தந்தன. அறுப்பு ஆலைகள் பெருகி ஊருக்கே ‘மரத்தூள் நகரம்’ என்ற பட்டப்பெயர் வந்தது. மரம் தீர்ந்ததும் மிஞ்சியது காற்றும் தண்ணீரும். அவற்றை விற்கத் தொடங்கினார்கள். இயற்கை அழகு என்று நாம் இன்று பார்ப்பது, பயிரும் மரமும் தோற்ற பிறகு கண்டெடுக்கப்பட்ட மூன்றாவது சரக்கு.

4

இந்த இடத்தில் ஓகாவைச் சொல்லாமல் போக முடியாது. கியூபெக்கில் கானசட்டாகே மொஹாக் மக்களுக்கும் அங்கே நிலவுரிமை கொண்டாடிய கத்தோலிக்கச் சபைக்கும் ஓயாத தகராறு. 1881ல் அவர்களில் ஒரு பகுதியினர் மஸ்கோகாவுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய வாட்டா குடியிருப்பு கிரேவன்ஹர்ஸ்டிலிருந்து அரைமணிப் பயணம். இந்தப் பாறையும் சதுப்பும்தான் அவர்களுக்குக் கிடைத்த மாற்று நிலம்.

போகாமல் கானசட்டாகேயில் தங்கியவர்களுக்கு என்ன ஆனது? 1990ல் அவர்களுடைய பைன் தோப்பையும் புதைகாட்டையும் ஒட்டி, ஒரு கோல்ஃப் மைதானத்தை விரிவாக்க ஓகா நகராட்சி கிளம்பியது. தடுப்பரண் போட்டார்கள். போலீஸ் வந்தது, ராணுவம் வந்தது. 78 நாள் நீடித்தது. ஒன்பது குழி மைதானத்தைப் பதினெட்டாக்க ராணுவம்! ஓய்வு என்பது உழைப்புக்கு எதிர்ப்பதம் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது நிலத்தைக் கைப்பற்றுவதன் ஒரு வடிவமாகவும் இருக்க முடியும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அதே வருசம்தான் நாங்களும் வெளிக்கிட்டது. எங்கட பக்கம் உயர் பாதுகாப்பு வலயம் எண்டு வேலி போட்டாங்கள். பிறகு பாத்தால், தம்பி, அந்தக் கடற்கரையில விடுமுறை விடுதி நடத்துறாங்கள். சனம் முகாமில, வந்து குளிக்கிறவன் எங்கட கடலில.”

இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வரலாறு வேறு, அரசு வேறு, இழப்பின் அளவும் வேறு. ஆனால் வேலிக்குப் பின்னால் முதலில் எழும்பும் கட்டடங்களில் ஒன்று விடுதியாக இருப்பது தற்செயல் அல்ல.

5

காற்றை விற்ற கதைக்கு வருவோம். கனடாவின் முதல் காசநோய் விடுதி 1897ல் கிரேவன்ஹர்ஸ்டில் திறந்தது. காசுள்ளவர்களுக்கானது. காசில்லாதவர்களுக்கென்று இலவச மருத்துவமனை 1902ல் வந்தது. ஒரே ஏரி, ஒரே காற்று, இரண்டு வாசல்கள். இலவச மருத்துவமனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அன்றைக்கு அது பெரிய காரியம். ஆனால் இரண்டாவது வாசல் தேவைப்பட்டது என்பதே விஷயம்.

1926ல் பெத்யூனுக்கே காசநோய். சில வாரங்கள் அவர் படுத்துக்கிடந்தது பிறந்த ஊரில், காலிடோர் என்ற தனியார் விடுதியில். பிறகு அமெரிக்காவில் வேறொரு விடுதிக்குப் போய், நுரையீரலைச் சுருங்க வைக்கும் சிகிச்சையை வற்புறுத்திக் கேட்டுப் பெற்றுப் பிழைத்தார். காசநோயில் பணக்காரனுடையது, ஏழையுடையது என்று இரண்டு வகை உண்டு, முன்னது குணமாகும், பின்னது கொல்லும் என்பது பின்னாளில் அவர் வந்தடைந்த முடிவு. மருத்துவம் தனிச்சொத்தாக இருக்கக் கூடாது என்று பேசியதும், 1935ல் கட்சியில் சேர்ந்ததும் இதன் தொடர்ச்சி. பிறந்த ஊர் இந்தப் பாடத்தைக் கட்டடங்களாகவே எழுதி வைத்திருந்தது.

அந்தக் காலிடோர் 1940ல் போர்க்கைதிகள் முகாமாயிற்று. ஜெர்மன் அதிகாரிகளை 1946 வரை அங்கே வைத்திருந்தார்கள். ஏரியில் வேலிகட்டி அவர்கள் நீந்தவும் இடம் விட்டிருந்தார்கள். அதே காலத்தில் ஒன்டாரியோவின் கோடை விடுதிகள் பலவற்றில் யூதர்களுக்கு அனுமதியில்லை என்ற பலகைகள் தொங்கின. 1944ல் ஒன்டாரியோ சட்டம் போட்டுத்தான் அவற்றை இறக்க வேண்டியிருந்தது. ஹிட்லரின் அதிகாரி கம்பிவேலிக்குள் நீந்தலாம். யூதர் வேலியில்லாத கரையில் அறை எடுக்க முடியாது.

பலகை போனாலும் பத்திரம் இருந்தது. ஹியூரான் ஏரிக்கரையில் ஒரு கோடை வீட்டுக் குடியிருப்பில் யூதருக்கோ கறுப்பருக்கோ விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை. ஒரு பெண்மணி யூதர் ஒருவருக்குத் தன் வீட்டை விற்க முற்பட, அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் நிபந்தனை செல்லும் என்றன. 1950ல் கனடிய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இனவெறி தவறு என்பதற்காக அல்ல. அந்த நிபந்தனை நிலத்தின் பயன்பாட்டைப் பற்றியதல்ல, அதன் சொற்கள் தெளிவாக இல்லை என்ற சட்ட நுணுக்கத்துக்காக. போருக்குப் பின் காலிடோர் கட்டடங்கள் யூதர்கள் வந்து தங்கும் விடுமுறை விடுதியாயின. வரலாறு தன்னைத் திருத்திக்கொண்டதாக இதை வாசிக்க ஆசைதான். வேறிடத்தில் கதவு மூடியிருந்ததால் தனியாக ஒரு விடுதி தேவைப்பட்டது என்றும் வாசிக்கலாம்.

6

பெத்யூன் சிறியவராகிவிட்டாரா? இல்லை. சீனத்து மலைக்கிராமத்தில் யாரோ ஒரு சிப்பாயின் காயத்துக்குள் கைவிட்ட மனிதரை அந்த வீட்டுத் தரையை வைத்து அளக்க முடியாது. என் குறை அவர்மீது அல்ல, எங்கள் வாசிப்பின்மீது. தோழர் கொடுத்த வெளியீட்டில் கனடா ஒரு முதலாளித்துவ நாடு. அங்கே தொழிலாளர்கள் உண்டு, முதலாளிகள் உண்டு. பூர்வகுடிகள் இல்லை. நாங்களும் தேடவில்லை. இலவச நிலக்கொடைச் சட்டம் எந்த மக்களைக் காணாமல் விட்டதோ, அவர்களை எங்கள் சர்வதேசியமும் காணாமல் விட்டது. வர்க்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு மருத்துவமனைகள் தெரிகின்றன. அவை நின்ற தரை தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரில்லியா பக்கம் ராமா என்று ஒரு கைகாட்டி. 1923 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மக்களின் ஊர் அது. 1996லிருந்து அங்கே பெரிய சூதாட்ட விடுதி ஒன்று இயங்குகிறது. ஸ்கார்பரோவில் எல்லாருக்கும் அது தெரியும்.

“எத்தினை தரம் பஸ்ஸில வந்திருப்பன்,” என்றார் அண்ணை. “கசினோ எண்டுதான் தெரியும். அது ஒரு சனத்தின்ர ஊரெண்டு தெரியாது.”

அடுத்த கோடைக்கும் அவருடைய பிள்ளைகள் காட்டேஜ் எடுக்கத்தான் போகிறார்கள். பேரப்பிள்ளைகள் நீந்தப் பழகுகிறார்கள். அதைக் குற்றமாக நினைக்க என்னால் முடியவில்லை, அவராலும் முடியவில்லை. ஆனால் வண்டி டொரொண்டோவை நெருங்கும்போது, அந்தத் தரை யாருடையது என்று பேரனுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டார். வலிகாமத்து வீட்டைப் பற்றி அவனுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அதோட சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான்,” என்றார்.