அகழி காத்த உயிர்கள்

அகழி தமிழிலக்கியத்தில் போருக்குரிய சொல். உழிஞைத் திணையும் குறளின் ‘அரண்’ அதிகாரமும் அரணைப் பகை தடுக்கும் காப்பாகவே காண்கின்றன. இங்கிலாந்தின் மாளிகையொன்றில் அகழி ஆற்றிய கடமை வேறு.

வாரிக்ஷயர் பகுதியில் உள்ளது பாடெஸ்லி கிளின்டன். 1438இல் ஜான் பிரோம் என்னும் வழக்கறிஞர் வாங்கிய இப்பண்ணை, 1517இல் அவர்தம் பெயர்த்தியின் கணவர் எட்வர்டு ஃபெரர்ஸுக்கு உரியதாயிற்று. நாற்புறமும் நீர் சூழ, முற்றத்தை அணைத்தவாறு மூன்று பக்கங்களில் சாம்பல்நிறக் கல்லாலான கட்டடம் எழுகிறது. செங்கற்பாலத்தைக் கடந்து வாயில்மாடத்தின் வழியே உள்ளே செல்லவேண்டும். வரலாற்று ஆர்வலரான ஹென்றி ஃபெரர்ஸ் (1549–1633) காலத்தில் குலச்சின்னம் தீட்டிய கண்ணாடிச் சாளரங்களும் ஓக் மரச் சுவர்ப்பலகைகளும் அழகு சேர்த்தன.

கத்தோலிக்கக் குருமார் நாட்டில் இருப்பதே 1585ஆம் ஆண்டுச் சட்டப்படி இராசத் துரோகம். அடைக்கலம் தருவோருக்கும் மரணதண்டனை உண்டு. அந்நாளில் ஆன் வோக்ஸ் என்னும் பெருமாட்டியும் அவர் தமக்கையாரும் இம்மாளிகையைக் குத்தகைக்குப் பெற்று, இயேசு சபையினருக்குப் புகலிடமாக்கினர். மாளிகையின் மேற்குப் பகுதிக்கு அடியில் ஓடிய பழைய கழிவுநீர்க் கால்வாயை நிக்கலஸ் ஓவன் என்னும் தச்சர் மறைவிடமாக்கினார் என்பர்.

1591 அக்டோபரில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணியளவில் தேடுவோர் கதவைத் தட்டினர். கவிஞரும் குருவுமான ராபர்ட் சவுத்வெல் அப்போது திருப்பலி தொடங்கியிருந்தார். பணியாளர் கதவை விடாது தடுத்தனர். படுக்கையின் வெப்பம் காட்டிக்கொடுக்குமென்று, மெத்தைகள் குளிர்ந்த பக்கம் மேலாகப் புரட்டப்பட்டன. குருமார் நான்கு மணி நேரம் கால்வாய் நீரில் நின்றனர். வந்தோர் பன்னிரண்டு பொற்காசுகளைக் கூலியாகப் பெற்றே வெளியேறினர். உடனிருந்த ஜான் ஜெரார்டு இலத்தீனில் எழுதிய தன்வரலாறு இதனை விவரிக்கிறது. அவர் வீட்டின் பெயரைக் குறிக்கவில்லை; ஆய்வாளர் இம்மாளிகையே எனக் கொள்வர்.

தப்பியோர் அனைவரும் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். சவுத்வெல் 1592இல் சிறைப்பட்டு, 1595இல் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். ஓவன் 1606இல் இலண்டன் கோபுரச் சிறையில் வதைக்கப்பட்டு, தாம் அமைத்த மறைவிடங்களில் ஒன்றையும் உரையாமலே இறந்தார்.

சவுத்வெல்லின் கவிதைகள் அவர் மறைந்த 1595ஆம் ஆண்டிலேயே அச்சேறின. மாளிகை 1980இல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் சேர்ந்தது. வேந்தர் எவரையும் காவாத அந்த அகழிநீர், கவிஞர் ஒருவருக்கு மேலும் சில மாதங்கள் எழுதும் உரிமையை ஈந்தது. அதன் பெருமைக்கு அதுவே சாலும்.