அறிவிப்புப் பலகையும் அரசியல் சட்டமும்

கல்லூரி ஒவ்வொன்றிலும் ஒரு பலகை உண்டு. கட்டணம் செலுத்தவேண்டிய கடைசி நாள் அதிலே வரும், தேர்வு நாள் வரும், விடுமுறை வரும், இலக்கிய மன்றக் கூட்டமும் ஆண்டு விழாவும் வரும். மாணவன் நிற்பான், படிப்பான், குறித்துக் கொள்வான், கலைந்து செல்வான். அறிவிப்பது மேலிடம், அடங்கி நடப்பது மாணவர் கடமை! பலகை நாள்தோறும் சொல்லாமற் சொல்லும் பாடம் இதுதான்.

நாட்டுக்கும் அத்தகைய பலகை ஒன்று உண்டு. அரசியல் சட்டம் என்பது அதன் பெயர். 1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 343-ஆம் விதி, தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றது. ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டுத் தவணை தந்தது. தவணை தீரும் நாள் 1965 சனவரி 26. அந்த அறிவிப்பை மதுரைக் கல்லூரிகளின் மாணவர்கள் எவ்வாறு படித்தனர், படித்தபின் கலைந்து சென்றனரா, கனன்று எழுந்தனரா என்பதை இன்றைய இளைஞர் அறிந்துகொள்ள வேண்டும். அது வெறும் பழங்கதையன்று. இன்னும் முடியாத வழக்கு!

மாணவரும் அரசியலும் என்றவுடன், 'படிக்கும் பிள்ளைகளுக்கு இது எதற்கு?' என்று அறிவுரை கூறும் பெரியோர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். 1943-ஆம் ஆண்டு. குடந்தை அரசினர் கல்லூரி. மாணவர் விடுதியிலே குடிநீர்ப் பானைகள் இரண்டு. பார்ப்பன மாணவர்க்கு ஒன்று, ஏனையோர்க்கு ஒன்று! அந்தப் பானைகளும் ஓர் அறிவிப்புத்தான். எழுத்தில்லை, கையொப்பமில்லை, முத்திரையில்லை. ஆனால் 'நீ தாழ்ந்தவன்' என்று ஒவ்வொரு வேளையும் அறிவித்துக்கொண்டே இருந்தது. அந்த அறிவிப்பை ஏற்க மறுத்த மாணவர்கள் மூட்டிய பொறியே திராவிட மாணவர் கழகமாயிற்று. அரசியலை மாணவர் தேடிப்போகவில்லை. தண்ணீர்ப் பானை வடிவத்தில் அதுவே அவர்களைத் தேடி வந்தது!

இனி, மதுரைக்கு வருவோம். 1881-இல் பசுமலையில் தோன்றி, பின்னர் வைகையின் வடகரைக்குக் குடிபெயர்ந்தது அமெரிக்கன் கல்லூரி. 1889-இல் எழுந்தது மதுரைக் கல்லூரி. பெண்களுக்கென 1948-இல் டோக் பெருமாட்டி கல்லூரியும், 1953-இல் பாத்திமா கல்லூரியும் வந்தன. தெப்பக்குளத்தை அடுத்து 1949-இல் தியாகராசர் கல்லூரியை நிறுவினார் கருமுத்து தியாகராசர். ஆலை முதலாளி, ஆயினும் 'தமிழ்நாடு' நாளிதழை நடத்திய தமிழ்ப் பற்றாளர். ஔவை துரைசாமியும் அ. கி. பரந்தாமனாரும் சி. இலக்குவனாரும் அங்கே தமிழ் பயிற்றினர். கவிஞர் அப்துல் ரகுமான் அங்கே பயின்று வெளிவந்தவர்.

இங்கு ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். உழவர் குடியிலும், நெசவாளர் இல்லத்திலும், சிறு வணிகர் வீட்டிலும் பிறந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள் அன்று ஏராளம். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவனுக்குப் பட்டம் என்பது பகட்டன்று. அரசுப் பணிக்கு அவன் வைத்திருந்த ஒரே ஏணி! மைய அரசின் தேர்வுகள் இந்தியில் நடக்குமாயின், ஒருவன் தாய்மொழியில் எழுதுவான். மற்றவன் அயல்மொழியைக் கற்றுவந்து எழுதுவான். ஒரே பந்தயம், ஆனால் ஒருவனுக்குத் தொடக்கக்கோடு ஒரு காதம் முன்னே! இந்தி எதிர்ப்பு என்பது மொழிவெறி என்று எளிதாகக் கூறிவிட்டவர்கள், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. மாணவர்கள் போட்டுப் பார்த்தனர்.

கணக்கு புதிதன்று. 1938-இல் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த கிளர்ச்சியில், 1939-ஆம் ஆண்டு நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின் விளைவாக உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இந்தி பேசாதார் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இல் நேரு உறுதி கூறினார். ஆனால் 1963-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டமோ, ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது. 'தொடரும்' என்று கூறவில்லை. 'தொடரலாம்' என்றால் 'தொடராமலும் போகலாம்' என்பதன்றோ பொருள் என்று மாநிலங்களவையில் அண்ணா வாதிட்டார். ஒரு விகுதி, அதில் ஒரு தலைமுறையின் வாழ்வு தொங்கிற்று! 1964 சனவரி 25-இல் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். அவ்வாண்டு மே மாதம் நேரு மறைந்தார். உறுதிமொழி தந்த நாவும் ஓய்ந்தது. தவணை நாளோ நெருங்கிற்று.

1965 சனவரி. குடியரசு நாளைத் துக்கநாளாகக் கொண்டாடத் தி.மு.க. முடிவு செய்தது, அண்ணாவும் தோழர்களும் முன்கூட்டியே கைது செய்யப்பட்டனர். தலைவர்கள் உள்ளே, வெளியே எஞ்சியவர்கள் மாணவர்கள்! சனவரி 25-ஆம் நாள் மதுரை நகரின் கல்லூரி மாணவர்கள் அணிவகுத்தனர். தியாகராசர் கல்லூரி மாணவர்களான கா. காளிமுத்துவும் நா. காமராசனும் திலகர் திடலில் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பகுதியைத் தீயிட்டுக் கைதாயினர்.

எதை எரித்தனர் என்பதைக் கவனியுங்கள். முழுச் சட்டத்தையன்று, ஆட்சிமொழி பற்றிய 343 முதல் 351 வரையிலான விதிகள் அடங்கிய பகுதியை மட்டுமே. இதற்கு முன் 1957 நவம்பர் 26-இல், சாதிக்குப் பாதுகாப்புத் தரும் விதிகளைக் கண்டித்துப் பெரியாரின் தொண்டர்கள் சட்டத்தை எரித்து ஆயிரக்கணக்கில் சிறை ஏகினர். அந்த வழியில் வந்த மாணவர், எரிக்குமுன் படித்திருந்தனர். இந்தப் பகுதி எனக்கு ஆகாது என்று சுட்டிக் காட்டும் அளவுக்குச் சட்டம் தெரிந்தவனைக் காலி என்றும் கலகக்காரன் என்றும் எப்படி அழைப்பது?

அன்று வடக்கு மாசி வீதியில் காங்கிரசு அலுவலகத்தருகே ஊர்வலம் சென்றபோது, மாணவர்க்கும் கட்சிக்காரர்க்கும் வாய்ச்சண்டை மூண்டது. சொல் முற்றிக் கைகலப்பாயிற்று. மாணவர் சிலர் காயமுற்றனர். நகரெங்கும் கலவரம் பரவியது. மதுரையில் பற்றிய தீ மாநிலமெங்கும் சென்றது. சனவரி 26-இல் கோடம்பாக்கம் சிவலிங்கமும், 27-இல் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்தனர். அதே 27-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர் துப்பாக்கிக்கு இரையானார்.

சனவரி 28. அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: கல்லூரிகளும் பள்ளிகளும் காலவரையின்றி மூடப்படும்! கேள்வி கேட்ட மாணவனுக்கு அரசு கொடுத்த விடை பூட்டு. பூட்டினால் கிளர்ச்சி அடங்கும் என எண்ணினர். நடந்தது என்ன? விடுதியை விட்டு வெளியேறிய மாணவன் வானத்தில் மறைந்து போகவில்லை; தன் ஊருக்குச் சென்றான். திருமங்கலத்துக்கும் மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் சென்றான். நகரத்துத் திடலில் பேசியதைக் கிராமத்துச் சாவடியில் பேசினான். கல்லூரியை மூடியவர்கள், ஊர்கள் அனைத்தையும் கல்லூரிகளாகத் திறந்துவிட்டனர்!

பிப்ரவரி 11-ஆம் நாள் தலைமையமைச்சர் லால் பகதூர் சாத்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும், மைய அரசுப் பணித் தேர்வுகளில் ஆங்கிலம் நீடிக்கும் என்று வாக்களித்தார். அரசின் கணக்குப்படியே, இருமாத காலத்தில் மாண்டவர் ஏறத்தாழ 70 பேர். அவர்களுள் திருப்பூரில் கொடிய முறையில் கொல்லப்பட்ட காவல் அதிகாரிகள் இருவரும் அடக்கம். வரலாறு எழுதுவோர் இதனை மறைத்தல் ஆகாது. கிளர்ச்சி மாணவர் கையை மீறியபோது நேர்ந்த கொடுமைகளையும், துப்பாக்கி ஒன்றையே மொழியாகக் கொண்ட ஆட்சியின் கொடுமையையும் ஒரே ஏட்டில் எழுதுவதுதான் நேர்மை.

நேர்மை கருதி இன்னொன்றும் கூறவேண்டும். 1938-இல் இந்தி எதிர்ப்பின் தளபதியாக விளங்கிய பெரியார், 1965-இல் மாணவர் கிளர்ச்சியை ஆதரிக்கவில்லை, கடுமையாகக் கண்டித்தார். பகுத்தறிவாளர்க்கு இது சங்கடமன்று. யார் சொன்னார் என்று பாராமல் என்ன சொல்லப்பட்டது என்று பார் எனக் கற்பித்தவரும் அவரேயன்றோ? அவர் அஞ்சிய வன்முறை உண்மை. மாணவர் சுட்டிய அநீதியும் உண்மை. இரண்டையும் எடைபோடும் துணிவே அவர் விட்டுச்சென்ற கொடை.

விளைவு யாவரும் அறிந்தது. 1967 தேர்தலில் ஆட்சி மாறிற்று. மதுரைக்குத் தெற்கே, விருதுநகரில், பெருந்தலைவர் காமராசரை 1,285 வாக்கு வேறுபாட்டில் வென்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். அவ்வாண்டின் இறுதியில் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. 1968 சனவரி 23-இல் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. திலகர் திடலில் கைதான இருவருள் காளிமுத்து பிற்காலத்தில் அமைச்சராகவும் சட்டப்பேரவைத் தலைவராகவும் ஆனார். காமராசன் புதுக்கவிதையில் பெயர் பொறித்தார். அதே கல்லூரியில் பயின்று சிறை கண்ட பா. செயப்பிரகாசம் கரிசல் மண்ணின் கதைகளை எழுதினார்.

ஆனால், வென்றவர்களின் பட்டியலோடு கதையை முடித்தால் ஒருவரை மறந்தவர்களாவோம். தியாகராசர் கல்லூரித் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் இலக்குவனார்; தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர். இந்தி வேண்டா என்பதோடு அவர் நிற்கவில்லை. எல்லா நிலையிலும் தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என்றார். அதற்காக மதுரையிலிருந்து சென்னைக்கு நடைப்பயணம் செல்ல முனைந்தார். 1965-இல் பாதுகாப்புச் சட்டம் அவரைச் சிறையில் தள்ளிற்று. மாணவர் எழுப்பிய முழக்கத்தின் முதற்பாதி 'அயல்மொழி ஆளக்கூடாது'. பேராசிரியர் எழுதிய மறுபாதி 'தாய்மொழி கற்பிக்க வேண்டும்'. முதற்பாதி வென்றது. மறுபாதி?

2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ் வழியில் தொடங்கின. 2023 மே மாதத்தில், மாணவர் சேர்க்கை குறைந்ததென்று காரணங்காட்டி, 11 உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக ஓர் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது நன்று. ஆனால் சேர்க்கை ஏன் குறைந்தது? தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். 1965-இல் இந்தியைப் பற்றி எந்தக் கணக்கைப் போட்டோமோ, அதே கணக்கு இன்று ஆங்கிலத்தின் பெயரால் ஏழை வீட்டுப் பிள்ளையின் முன் நிற்கிறது! வந்த படையை வாயிலில் தடுத்தோம். வீட்டுக்குள் நம் தாயை அரியணையில் அமர்த்தினோமா?

இளைஞர்களே! இன்றும் உங்கள் கல்லூரியில் பலகை இருக்கிறது. பல இடங்களில் அது கைப்பேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. மாணவர் பேரவைக்குத் தேர்தலே நடக்காத கல்லூரிகளும் உண்டு. கட்டணம் உயர்கிறதா, விடுதியில் ஒருவன் ஒதுக்கப்படுகிறானா, உன் மொழி ஓர் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறதா — எல்லாம் இரண்டு வரி அறிவிப்பாகவே வரும். அந்த இரண்டு வரியைப் படியுங்கள். 'லாம்' எங்கே, 'உம்' எங்கே என்று எழுத்தெண்ணிப் படியுங்கள். யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று கணக்கிடுங்கள். பின்னர், கூடிப் பேசுங்கள்; கேள்வி கேளுங்கள்; விடை வரும் வரை கலையாதீர்கள்!